கேட்காமல் கவனிக்கும் நெட் லைன்: வீட்டிலேயே சோதிப்பது, அடைப்பது, புகார் கொடுப்பது

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டுக்கு நெட் வேண்டுமென்றால் பெரும்பாலும் யாரும் நேரே கம்பெனிக்குப் போவதில்லை. தெருவில் கேபிள் டிவி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனிடமே சொல்லிவிடுகிறோம். அவர் கம்பத்திலிருந்து ஃபைபர் இழுத்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, ஆதார் நகலும் செல்போன் எண்ணும் வாங்கிக்கொண்டு, யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்குப் பின்னால் லைசென்ஸ் வாங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயர்கூடப் பல வீடுகளில் தெரியாது.

வீட்டில் யார் எந்த ஃபோனில் எதைத் திறந்தாலும் அந்த ஒற்றை இழை வழியாகத்தான் போகவேண்டும். கூகுளும் ஃபேஸ்புக்கும் நம்மைப் பின்தொடர்வது ஊரறிந்த விஷயம். வேண்டாமென்றால் லாகின் செய்யாமல் இருக்கலாம், வேறொன்றுக்கு மாறலாம். நெட் லைனை அப்படித் தவிர்க்க முடியாது. அதற்கு மாதாமாதம் காசும் கட்டுகிறோம். ஆகவே, நாம் போகும் தளங்களைப் பார்த்து வைத்து விளம்பரக்காரரிடம் விற்க நினைக்கும் நிறுவனம், முன்கூட்டியே, தமிழில், புரியும்படி கேட்டுச் சம்மதம் வாங்கியே ஆகவேண்டும். இணைப்புப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் வரியைச் சம்மதம் என்று ஏற்க முடியாது.

இங்குள்ள இன்ன நிறுவனம் இதைச் செய்கிறது என்று இந்தப் பதிவு யாரையும் கைகாட்டவில்லை. உங்கள் லைனில் நடக்கிறதா என்று நீங்களே பார்ப்பதற்கும், நடக்க முடியாதபடி அடைப்பதற்கும், எழுத்தில் கேள்வி கேட்பதற்கும்தான் இது.

லைன்காரருக்குத் தெரிவது எது

தளத்துக்கும் நமக்கும் நடுவே போவதைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறை பரவலான பிறகு பக்கத்துக்குள் இருப்பது லைன் நடத்துபவருக்குத் தெரியாது. பாஸ்வேர்டு, கூகுளில் தேடிய சொல், படித்த செய்தி, வாட்ஸ்அப்பில் பேசியது எதுவும் தெரியாது. தளத்தின் பெயர், போன நேரம், எவ்வளவு டேட்டா, எத்தனை நிமிடம் என்பது தெரியும். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னரைப் போல: சீல் உடைக்காமல் உள்ளே என்ன சரக்கு என்று தெரியாது, எங்கே போகிறது, எத்தனை டன் என்பதைத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தளத்தின் பெயர் இரண்டு இடத்தில் கசிகிறது. முதலாவது டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்து ஐபி எண்ணை, அதாவது நெட்டில் அதன் முகவரியைக் கேட்கும் அந்தச் சின்னக் கேள்வி, 53ஆம் போர்ட் (எண்ணிட்ட வாசல் மாதிரி) வழியாக எந்தப் பூட்டும் இல்லாமல் போகிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் அது லைன் நிறுவனத்தின் சர்வருக்கே போய்ச் சேரும். அதாவது அவர்கள் ஒட்டுக்கேட்கவே தேவையில்லை. நாமே வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது எஸ்என்ஐ. பூட்டிய இணைப்பைத் தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் முதல் செய்தியில், எந்தத் தளத்தோடு பேச வேண்டும் என்ற பெயர் திறந்தபடியே இருக்கும். போகிற டேட்டாவை அலசும் பெட்டி ஒன்றை நடுவில் வைத்தால் அதைப் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: சுவரில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி. அது நிறுவனத்தின் பெட்டி. டிஆர்-069 என்ற முறையில் அவர்கள் தங்கள் அலுவலகத்திலிருந்தே அதற்குள் போகலாம். பழுது பார்க்கவும், வைஃபை பாஸ்வேர்டு மறந்தால் மாற்றிக்கொடுக்கவும் அது உதவுகிறது என்பது உண்மை. அதே வழியில் வீட்டில் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன, அவற்றின் பெயர் என்ன, மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) என்ன என்ற பட்டியலையும் எடுக்கலாம். எத்தனை செல்போன், டிவி என்ன கம்பெனி, இரவு எத்தனை மணிக்கு யாருடைய ஃபோன் வீட்டுக்கு வருகிறது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வெறும் தளப் பெயரை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். ஒரே ராத்திரியில் ஒரு வீட்டிலிருந்து மூன்று கடன் ஆப்களின் சர்வர்களுக்கு இணைப்பு போகிறது. மறுநாள் காலை அடகுக் கடைத் தளம், தங்க விலைத் தளம். என்ன பக்கம் பார்த்தார்கள் என்று தெரியவே வேண்டாம். அந்த வீடு "அவசரப் பணத்தேவை" என்ற பிரிவில் விழுந்துவிடும். அடுத்த வாரம் முழுக்கக் கடன் விளம்பரம்தான். கையில் காசில்லாத நேரத்தில் ஒரு குடும்பத்தைத் தேடிப்பிடித்து அதிக வட்டிக்காரர் முன்னால் நிறுத்துவது இது. மகப்பேறு மருத்துவம், மனநலம், நீதிமன்ற வழக்கு நிலவரம் என்று எதற்கும் இதே கதைதான். கூலி வேலையும் தினவருமானமும் அதிகமுள்ள நம் பக்கத்தில் இது அதிகமாகவே சுடும்.

விளம்பரமாக மாறுவது இப்படி நடக்கும். தளப் பெயர்கள் ஒரு வகைப் பட்டியலோடு ஒப்பிடப்படும்: கல்யாணம், கடன், வேலை தேடல், குழந்தை. அதிலிருந்து உங்கள் யூசர்நேமுக்கு நேராக விருப்பப் பிரிவுகள் எழுதப்படும். பிறகு அந்தக் கணக்கை விளம்பரச் சந்தையில் உள்ள ஒரு அடையாளத்தோடு பொருத்தவேண்டும். பெரும்பாலும் செல்போன் எண்தான் பாலம். "எண்ணை அப்படியே தரவில்லை, ஹாஷ் செய்துதான் தருகிறோம்" என்பார்கள். எண்ணை ஒரு கணக்கில் போட்டு அடையாளம் தெரியாத எழுத்துக்கோவையாக மாற்றுவதுதான் ஹாஷ். இதை நம்பவேண்டாம். இந்தியச் செல்போன் எண் 10 இலக்கம், 6 முதல் 9 வரையில் ஒன்றில் தொடங்கும். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு அசல் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரணக் கணினிக்கு நிமிடக் கணக்கு போதும்.

"ஒரு பொது ஐபிக்குப் பின்னால் தெருவே இருக்கிறது, யாரென்று எப்படித் தெரியும்?" என்று லைன்காரர்கள் சொல்வதுண்டு. ஐபி எண் தட்டுப்பாட்டால் பல வாடிக்கையாளர்களை ஒரே எண்ணில் சேர்ப்பது நடக்கிறதுதான். ரூட்டரின் (அந்த வெள்ளைப் பெட்டியின்) வேன் ஐபி, அதாவது வெளிப்பக்க எண், 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்களும் அந்த வகை. வெளியிலுள்ள தளத்துக்குத்தான் அதனால் குழப்பம். நிறுவனத்தின் சர்வருக்கு ஒவ்வொரு லாகினும் தனித்தனியாகத் தெரியும். பின்னால் ஆதாரும் கதவு எண்ணும் இருக்கிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். எந்த வாடிக்கையாளர் எந்த நேரத்தில் எந்த ஐபியில் இருந்தார் என்ற பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் நிபந்தனையை மாற்றியது. அது சட்ட விசாரணைக்கானது. "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு வழியில்லை. அந்தப் பதிவையே எடுத்து விளம்பரத்துக்கு ஓட்டுவது முற்றிலும் வேறு விஷயம். புகார் எழுதும்போது இரண்டையும் கலந்தால், "அரசு உத்தரவு" என்று ஒரே வரியில் பதில் அனுப்பி முடித்துவிடுவார்கள்.

நடந்தவை

பிரிட்டனில் பிடி என்ற தொலைபேசி நிறுவனம் 2006, 2007இல் ஃபார்ம் என்ற விளம்பரக் கம்பெனியின் பெட்டியை வாடிக்கையாளருக்குச் சொல்லாமலே லைனில் வைத்து ஓட்டிப் பார்த்தது. 2008இல் வெளியே வந்தது. 2009இல் ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் அரசு மீதே நடவடிக்கை தொடங்கியது. அமெரிக்காவில் நெபுஆட் என்ற கம்பெனி இதே வேலையில் இறங்கி, 2008இல் நாடாளுமன்ற விசாரணை வந்ததும் அடுத்த ஆண்டே சுருண்டது. வெரைசன் 2012இலிருந்து தன் மொபைல் வாடிக்கையாளர்கள் பூட்டில்லாத தளங்களுக்குப் போகும்போது ஒரு தனி அடையாள எண்ணைச் செருகி அனுப்பியது. குக்கீயை (தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பு) அழித்தாலும் அந்த எண் போகாது. 2016இல் 13.5 லட்சம் டாலர் அபராதம். ஏடி அண்ட் டி வெளிப்படையாகவே விலை போட்டது: கண்காணிப்பு வேண்டாமென்றால் மாதம் 29 டாலர் கூடுதல். 2016இல் அதைக் கைவிட்டது.

இந்தியாவில் 2015 ஜூனில் பெங்களூரு நிரலாளர் ஒருவர், ஏர்டெல் 3ஜி வழியே திறக்கும் பக்கங்களில் தளத்துக்குச் சொந்தமில்லாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செருகப்படுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். வாடிக்கையாளர் தன் டேட்டா செலவைத் தெரிந்துகொள்ளத்தான் அது என்று ஏர்டெல் விளக்கம் சொன்னது. கண்டுபிடித்தவருக்கோ, அந்த நிரலுக்குச் சொந்தமான ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்ததுதான் அவர் செய்தது. அதை நம்மில் யாரும் செய்யலாம்.

உங்கள் லைனைச் சோதிக்க

விண்டோஸ் கணினி இருந்தால் கமாண்ட் பிராம்ப்ட் போதும். லேன் கேபிளிலோ வைஃபையிலோ இணைத்து, விபிஎன் (எல்லாவற்றையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: என்எஸ்லுக்அப் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, இல்லவே இல்லாத ஒரு தளப் பெயரைக் கொடுங்கள். கீபோர்டில் கைக்கு வந்த இருபது எழுத்துகளை அடித்து டாட் காம் சேர்த்தால் போதும். "நான்-எக்ஸிஸ்டன்ட் டொமைன்" என்று வரவேண்டும். அதற்குப் பதில் ஒரு ஐபி எண் வந்தால், தவறாக அடித்த பெயர்களையெல்லாம் நிறுவனத்தின் சர்வர் வேறு பக்கத்துக்குத் திருப்புகிறது. அந்தப் பக்கம் பெரும்பாலும் விளம்பரப் பக்கமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் மழுப்ப இடமில்லை. என்எஸ்லுக்அப், இடம், கூகுள் டாட் காம், இடம், 192.0.2.1 என்று அடியுங்கள். கடைசியில் உள்ள எண் எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒதுக்கப்பட்டது; உலகில் எந்த சர்வரும் அந்த எண்ணில் இல்லை. ஆகவே "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்று மட்டுமே வரவேண்டும். கூகுளின் ஐபி பதிலாக வந்தால், நீங்கள் யாரிடம் கேட்டாலும் 53ஆம் போர்ட்டில் போகும் கேள்வியை நடுவில் ஒருவர் பிடித்துத் தானே பதில் சொல்கிறார் என்று அர்த்தம். சின்ன நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோடிக் ரூட்டரில் இதற்கு ஒரே ஒரு விதி எழுதினால் போதும். இதைப் பார்த்ததும் விளம்பர வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசு தடைசெய்த தளங்களை முடக்கவும், வேகத்துக்காகவும்கூட இப்படித் திருப்புவார்கள். சில வீட்டு ரூட்டர்களே குழந்தைப் பாதுகாப்பு வசதிக்காக இதைச் செய்யும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அதே கட்டளையை அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் திருப்புபவர் கையில் உங்கள் முழுப் பட்டியலும் இருக்கிறது என்பது இதில் உறுதியாகிவிடும்.

மூன்றாவது, நிரல் செருகலுக்கு. கர்ல் (சி, யு, ஆர், எல்) என்று அடித்து, எச்டிடிபி என்று எஸ் இல்லாமல் தொடங்கும் எக்ஸாம்பிள் டாட் காம் முகவரியைக் கொடுங்கள். மிகச் சின்னப் பக்கம் அது. அதன் நிரல் திரையில் வரும். அதையே ஹாட்ஸ்பாட்டிலும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டு லைனில் மட்டும் "ஸ்கிரிப்ட்" என்ற தொடரும் அறியாத ஒரு முகவரியும் கூடுதலாக இருந்தால் செருகல் நடக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று விடக்கூடாது. செருகும் பெட்டியை எல்லாப் பக்கத்திலும் வேலை செய்யாமல் நாளுக்கு ஒருமுறை, அல்லது செல்போன் பிரவுசருக்கு மட்டும் என்று அமைக்க முடியும். வேறு வேறு நேரத்தில் செல்போன் பிரவுசரிலும் பாருங்கள்.

மொபைல் டேட்டாவுக்கு: வைஃபையை அணைத்துவிட்டு, எச்டிடிபிபின் டாட் ஆர்க் தளத்தின் ஹெட்டர்ஸ் பக்கத்தை எஸ் இல்லாத முகவரியில் திறவுங்கள். உங்கள் ஃபோன் அனுப்பியதாக அந்தத் தளம் பெற்றதெல்லாம் அப்படியே தெரியும். அதில் உங்கள் செல்போன் எண்ணோ, பிரவுசர் போட்டிருக்க முடியாத நீண்ட அடையாள எண்ணோ இருந்தால் நடுவில் சேர்க்கப்பட்டது. "டிரேஸ்-ஐடி" என்று முடியும் எண் மட்டும் அந்தத் தளத்தின் சர்வர் பக்கமே சேர்ப்பது, அதை விட்டுவிடுங்கள். எது கிடைத்தாலும் தேதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடைப்பது: முதலில் டிஎன்எஸ்

ரூட்டரில் போய் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 (கூகுள்) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்) என்று மாற்றிவிட்டால் முடிந்தது என்று யூடியூபில் பலர் சொல்கிறார்கள். முடியாது. சர்வர் மாறுகிறதே தவிர, கேள்வி அதே 53ஆம் போர்ட்டில், அதே பூட்டில்லாத வடிவில், அதே லைன் வழியாகத்தான் போகிறது. மேலே சொன்ன இரண்டாவது சோதனையில் பதில் வந்த லைனாக இருந்தால் 1.1.1.1ஐ அது போய்ச் சேர்வதுகூட இல்லை. பூட்டிய டிஎன்எஸ் வேண்டும்: 853ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் என்ற பூட்டு முறை வழி, அல்லது 443இல் எச்டிடிபிஎஸ் வழி.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய ஃபோனில் செட்டிங்ஸுக்குள் "பிரைவேட் டிஎன்எஸ்" இருக்கிறது. சாம்சங்கில் "மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ்" உள்ளே ஒளிந்திருக்கும். அங்கே "ஆட்டோமேட்டிக்" என்பதே போதாது. அது பூட்டிய வழி கிடைத்தால் எடுக்கும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். "ஹோஸ்ட்நேம்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பூட்டிய டிஎன்எஸ் தரும் ஒரு சேவையின் பெயரை ஆங்கிலத்தில் கொடுங்கள். கிளவுட்ஃப்ளேருக்கு "ஒன்" என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, நடுவில் புள்ளி வைத்து. கூகுளுக்கு டிஎன்எஸ் புள்ளி கூகுள். பின்னால் டாட் காம் வேண்டாம். குவாட்9க்கு டிஎன்எஸ் புள்ளி குவாட்9 புள்ளி நெட். இங்கே 8.8.8.8 என்று எண்ணைப் போட்டால் ஏற்காது, அதைப் போட்டுப் பார்த்துவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

இந்த அமைப்பில் இரண்டு தொந்தரவு வரும். ரயில் நிலையம், மருத்துவமனை மாதிரி ஓடிபி பக்கம் காட்டும் இலவச வைஃபையில் அந்தப் பக்கமே திறக்காமல் போகலாம். ஒரு நிமிடம் "ஆஃப்" செய்து லாகின் ஆனதும் மறுபடி போடுங்கள். இன்னொன்று, லைன் நிறுவனம் 853ஆம் போர்ட்டை அடைத்திருந்தால் நெட்டே நின்றுவிடும். அப்போது பிரவுசருக்குள் செய்யுங்கள்: குரோமில் "யூஸ் செக்யூர் டிஎன்எஸ்", ஃபயர்ஃபாக்ஸில் "டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்" பகுதியில் "மேக்ஸ் புரொடெக்ஷன்". இது 443 வழியாகப் போவதால் மற்ற இணையப் போக்குவரத்தோடு கலந்துவிடும். ஆனால் பிரவுசருக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ஆப்கள் பழைய வழியிலேயே போகும்.

விண்டோஸ் 11இல் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் அசைன்மென்டை மேனுவல் ஆக்கி, 1.1.1.1 கொடுத்து, கீழே எச்டிடிபிஎஸ்ஸை "ஆன்" செய்து, பிளெயின்டெக்ஸ்டுக்குத் திரும்பும் வசதியை அணைக்கவேண்டும். ஐபிவி4க்கு (பழைய வகை ஐபி எண்) மட்டும் செய்துவிட்டு ஐபிவி6ஐ (புதிய வகை) மறந்தால் கேள்விகள் அந்தப் பக்கமாகக் கசியும். இரண்டுக்கும் கொடுங்கள். சரிபார்க்க 1.1.1.1 தளத்தின் ஹெல்ப் பக்கத்தைத் திறந்தால், பூட்டிய வழியில் வருகிறீர்களா என்று நேரடியாகச் சொல்லும். என்எஸ்லுக்அப்பை வைத்து இதைச் சரிபார்க்க வேண்டாம். அது எப்போதும் பூட்டில்லாத கேள்வியைத்தான் அனுப்பும், வீணாகக் குழம்புவீர்கள்.

கூகுளிடமோ கிளவுட்ஃப்ளேரிடமோ பட்டியலைக் கொடுப்பது மட்டும் நல்லதா என்பது நியாயமான கேள்வி. நம்பிக்கையை இடம் மாற்றுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் கிளவுட்ஃப்ளேரிடமும் குவாட்9இடமும் உங்கள் ஆதாரோ கதவு எண்ணோ இல்லை. கூகுள் கணக்கு எல்லார் ஃபோனிலும் இருப்பதால் நான் அந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்.

பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர்

வெள்ளைப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளை உங்கள் ரூட்டரின் வேன் துளையில் செருகி, பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லா ஃபோனையும் புது ரூட்டரில் இணைப்பதே எளிய வழி. பிறகு பெட்டியின் பட்டியலில் தெரிவது ஒரே ஒரு கருவி. இரண்டும் 192.168.1.1 என்ற எண்ணையே வைத்திருந்தால் முட்டிக்கொள்ளும். புது ரூட்டரை 192.168.50.1 என்று மாற்றுங்கள்.

சுத்தமான வழி, பெட்டியை வெறும் பாலமாக மட்டும் இயங்கும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, நெட் கணக்குக்கான பிபிபிஓஇ லாகினை உங்கள் ரூட்டரிலேயே போடுவது. இதற்கு யூசர்நேம், பாஸ்வேர்டு, நிறுவனம் உங்கள் லைனுக்கு வைத்திருக்கும் விலான் எண் மூன்றும் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் லாகின் ஆகாவிட்டால், பழைய பெட்டியின் மேக் முகவரியோடு கணக்கைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். "அண்ணே, புது ரூட்டர் போட்டிருக்கேன், என் லாகின்ல மேக் ரிலீஸ் பண்ணி விடுங்க" என்று ஃபோன் செய்தால் வேலை முடிந்தது. சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் ரூட்டரில் எம்டியூவை (ஒரு டேட்டாப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) பாருங்கள். பிபிபிஓஇயில் 1492 இருக்கவேண்டும், 1500 அல்ல.

ரூட்டரிலேயே பூட்டிய டிஎன்எஸ் போட்டால் டிவி உட்பட மொத்த வீடும் அடங்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டர், ஏசுஸின் பல மாடல்கள், மைக்ரோடிக்கில் 6.47 முதலான பதிப்புகள் இதற்கு ஏற்றவை. நம் பக்கத்தில் கரண்ட் போய் வருவதால் ஒரு சிக்கல் வரும். ரூட்டருக்குள் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் தேதி பழையதாக இருக்கும். தேதி தவறென்றால் சான்றிதழ் செல்லாது என்று பூட்டிய டிஎன்எஸ் மறுக்கும். டிஎன்எஸ் இல்லாமல் நேரம் சொல்லும் சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. வைஃபை ஃபுல், நெட் இல்லை என்ற நிலையில் அப்படியே நிற்கும். அந்த நேர சர்வரை (ரூட்டரில் என்டிபி என்று இருக்கும்) பெயராகக் கொடுக்காமல் 216.239.35.0 என்று எண்ணாகக் கொடுத்தால் இது தீரும். அது கூகுளின் நேர சர்வர்.

எஸ்என்ஐ கசிவு இன்னும் பாக்கி. ஈசிஎச் என்ற முறை அந்தப் பெயரையும் மறைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 119ஆம் பதிப்பிலிருந்து, பூட்டிய டிஎன்எஸ் போட்டிருந்தால் தானாக வேலை செய்யும், குரோமிலும் உண்டு. தளமும் அதற்குத் தயாராக இருந்தால்தான் பலன், எல்லாத் தளங்களும் இன்னும் வரவில்லை. முழுதாக மறைக்க விபிஎன்தான் வழி. இலவச விபிஎன்னை மட்டும் தொடாதீர்கள். ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற விபிஎன், பயனர்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்த்து, 2019இல் மூடப்பட்டது. ஆன்டிவைரஸ் விற்ற அவாஸ்ட், பயனர்கள் பார்த்த தளங்களின் விவரத்தை விற்றதற்காக 2024இல் அமெரிக்காவில் 1.65 கோடி டாலர் கட்டியது.

எந்த நிலையிலும், "வேகமாக ஓட இந்தச் சான்றிதழை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று லைன் ஆப் ஏதாவது கேட்டால் செய்யவே கூடாது. ரூட் சான்றிதழ் ஒன்றை ஏற்றிவிட்டால் பூட்டிய பக்கத்தையும் திறந்து படிக்கலாம். கசகஸ்தான் அரசு தன் மக்களிடம் இதைத்தான் கேட்டது. 2019இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தச் சான்றிதழையே தடை செய்தன.

எழுத்தில் கேட்பது

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுயமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும் என்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் அறிவிப்பு தரவேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடியவேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்குத் தடையே இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, நம்பிக்கையில் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்ட அனுமதியின்றி மற்றவருக்குத் தருவதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

முதலில், யாரிடம் கேட்பது என்று தெரியவேண்டும். ரசீது வாட்ஸ்அப்பில் கேபிள்காரர் பெயரில் வரும். பொறுப்பு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு. "அண்ணே, நம்ம லைன் எந்த கம்பெனி லைசென்ஸ்ல ஓடுது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார், அவரும் அந்தக் கம்பெனிக்கு ஏஜென்ட்தான், அவரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. தெரியாவிட்டால் உங்கள் பொது ஐபியை ஹூஇஸ் தேடலில் போட்டால் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று வரும். சில நேரம் அவர்களுக்கு மொத்தமாக விற்கும் பெரிய நிறுவனத்தின் பெயர் வரலாம், ஆகவே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

"என் கணக்கு எண் இது. என் டிஎன்எஸ் கேள்விகளையும் நான் செல்லும் தளங்களின் பெயர்களையும் பதிவு செய்கிறீர்களா? எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? லைசென்ஸ் நிபந்தனைக்கான பதிவு தவிர வேறு எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள்? எந்த நிறுவனங்களுக்குத் தந்திருக்கிறீர்கள்? விளம்பரத்துக்கு நான் சம்மதம் தந்ததாகச் சொன்னால், நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகலை அனுப்புங்கள். அப்படிச் சம்மதம் இருந்தால் இன்று முதல் அதைத் திரும்பப் பெறுகிறேன்."

இதோடு சோதனை ஸ்கிரீன்ஷாட்களை இணையுங்கள். "பிரவுசரில் இந்த லிங்க்கை அழுத்தி விலகிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். மேலே சொன்ன ஃபார்ம் கம்பெனியில் விலகல் என்பது ஒரு குக்கீயாகத்தான் இருந்தது. குக்கீயை அழித்ததும் விலகலும் அழிந்துபோகும். விலகல் உங்கள் யூசர்நேம் அளவில், அவர்கள் சர்வரில் நடக்கவேண்டும் என்று கேளுங்கள்.

புகார் எண் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள், கட்டணமின்றி. அதற்கும் மேலே தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர் போர்ட்டல், அல்லது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே போடலாம், வடசென்னைக்காரர்களுக்கு சென்னை வடக்கு. சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ரீசார்ஜ் ரசீதுகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்; வாடிக்கையாளர் என்று நிரூபிக்க முதலில் கேட்பது அதைத்தான்.